இருப்பு நாற்பத்தொன்று, இடம் தெரியாது

அதிகம் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்ட கேள்வி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பான். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் காதர் பாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

காதர் பாய் என் முதலாளி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு உதிரிச் சாமான் கொடுப்பது அவர் தொழில். குடோன் திருவொற்றியூரில். கயிறு, வால்வு, வாஷர், பம்ப் சீல் என்று கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். நான் மேலாளர். எதையும் தேதி, நேரம் போட்டு நாட்குறிப்பில் எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. (என் கல்யாணத்தில் தாலி கட்டிய நிமிடத்தைக்கூடக் குறித்திருக்கிறேன். முகூர்த்தம் முடிந்து நான்கு நிமிடம். இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.)

"மேனேஜரே, ரெண்டு கம்பெனிக்காரன் வந்துகினு போறான்" என்றார் பாய். "ஒருத்தன் சாப்ட்வேரு வியாபாரத்தயே பிளான் பண்ணுமாம். இன்னொருத்தனுது குடோன மட்டும் பாத்துக்குமாம். எத்த வாங்கலாம்?"

ஒரு வரியில் முடிய வேண்டிய பதில். நான் இருபத்தாறு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். பூம்புகார்ப் பண்டகசாலைகளில் தொடங்கியது அது. பன்னிரண்டாம் பக்கத்தில்தான் கம்ப்யூட்டரே வந்தது. முடிவு: வியாபாரத் திட்ட மென்பொருளே சிறந்தது. காரணம், அதில் வண்ண வண்ண வரைபடங்கள் வந்தன. (அறிக்கையில் வேறு காரணம் எழுதியிருந்தேன்.)

குடோன் பொறுப்பு ஸ்டெல்லா அக்காவுக்கு. ராயபுரத்துக்காரர். எந்தச் சாமான் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்து வருவார். அறிக்கையைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சாரு, இந்த மிசினு எவ்ளோ கீதுன்னு சொல்லுமா, எங்க கீதுன்னு சொல்லுமா?"

"எவ்வளவு இருக்கு, எப்ப வாங்கணும், அடுத்த மாசம் எவ்வளவு போகும், எல்லாம் சொல்லும்."

"எங்கன்னு?"

"அதுதான் உங்களுக்கே தெரியுமே அக்கா!"

அவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மென்பொருள் வந்து இறங்கியது ஒரு புதன்கிழமை. ஸ்டெல்லா அக்கா, தன் அக்கா மகளின் கல்யாணத்துக்காக லீவு. மறுநாள் பாய் வந்து தொடங்கிவைப்பார், போட்டோ எடுப்போம் என்று ஏற்பாடு. குடோனைச் சுற்றிப் பார்த்தேன். தூண்களெல்லாம் ஒரே கிறுக்கல். மீன், நங்கூரம், பிறை, அம்புக்குறி, எண்கள், எல்லாம் கறுப்பு மெழுகுக் கட்டியால். கலீஜாக இருந்தது. ஆள் வைத்து எல்லாத் தூணுக்கும் இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அன்றைய நாட்குறிப்பு: 'மாலை 5.10. தூண்கள் பளிச்.'

வியாழன் காலை 10.20க்கு ஒரு கப்பல் ஏஜென்ட் போன் செய்தார். கப்பலில் பம்ப் ஒழுகாமல் அடைக்கும் சீல் ஒன்று பழுதாகிவிட்டது, கப்பல் சாயங்காலம் கிளம்புகிறது, இரண்டு மணிக்குள் சாமான் துறைமுக வாசலுக்கு வர வேண்டும்.

"இத்த வுட்டா அவன் திரும்ப நம்ம வாசல மிதிக்க மாட்டான்" என்றார் பாய். "அவன் ஆர்டர வெச்சுதான் குடோனே ஓடுது. போச்சுன்னா குடோன இஸ்து மூடிட்டு நாம வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

நான் நிதானமாக ஒரு பொத்தானைத் தட்டினேன். திரையில் பச்சை நிறத்தில் வந்தது: இருப்பு 41.

"மாஷா அல்லாஹ்!" என்றார் பாய். "எங்க கீது?"

இன்னொரு பொத்தான். இடம்: பிரதான குடோன்.

(நாங்கள் நின்றுகொண்டிருந்த இடமும் அதுதான்.)

ஆறு பேர் ஒன்றரை மணி நேரம் தேடினோம். எல்லாப் பெட்டியும் ஒரே பழுப்பு, ஒரே அளவு. வாஷர் கிடைத்தது, வால்வு கிடைத்தது, காணாமல் போனதாக நான் போன வருடம் குறித்த குடையும் கிடைத்தது. சீல் கிடைக்கவில்லை. ஸ்டெல்லா அக்காவின் போன் அணைந்திருந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன். டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து, 12.25க்கு ராயபுரத்துத் தேவாலயத்தில் நின்றேன்.

உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவையில் ஸ்டெல்லா அக்கா மூன்றாவது வரிசை. முழங்காலிட்டிருந்தவர்களுக்கு நடுவே நானும் முழங்காலிட்டு நகர்ந்தேன்.

"அக்கா, பம்ப் சீல் எங்க?"

"இங்க எதுக்கு சாரு வந்தே?" கண்ணைத் திறக்காமலே கிசுகிசுத்தார். "தூண்ல எயுதிக் கீது பாரு. சீலுக்கு மீன் போட்டிருக்கும். அம்புக்குறி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம். நம்பரு எத்தினியோ, அத்தினியாவது அடுக்கு."

பதினெட்டு வருடமாக ஒரு குடோன் மென்பொருள் எங்களிடம் இருந்திருக்கிறது. அதன்மேல் நான் இரண்டு பூச்சு அடித்திருக்கிறேன்.

"அக்கா... தூணுக்கு வெள்ளை அடிச்சாச்சு."

"எந்தத் தூணுக்கு?"

"எல்லாத் தூணுக்கும்."

"அடப்பாவி! அயிச்சிட்டியா?"

அந்தக் குரல் மேற்கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. பாட்டு நின்றது. பாதிரியார் நிமிர்ந்தார். மாப்பிள்ளை, பெண், இருநூறு உறவினர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதை அழித்தேன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பெரிதாக எதையோ அழித்திருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் வழி நெடுக ஸ்டெல்லா அக்கா என் பின்னால் உட்கார்ந்து பேசியதை நாட்குறிப்பில் எழுதவில்லை. (முதல்முறையாக ஒரு பக்கத்தைக் காலியாக விட்டேன்.) குடோனுக்குள் நுழைந்ததும் வெள்ளைத் தூண்களைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு கத்தினார். "மெயுகு மேல சுண்ணாம்பு நிக்காது. தண்ணி கொண்டாங்கடா! கோணி கொண்டாங்கடா!"

பாய், நான், லோடு ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொரு தூணைத் தேய்த்தோம். சுண்ணாம்புத் தண்ணீர் ஓடியது. நங்கூரம் வந்தது. பிறை வந்தது. 1.22க்கு பாய் தேய்த்த தூணில் ஒரு வால் தெரிந்தது.

"மீனு! மீனு!" என்று குதித்தார் பாய். அவர் குதித்து நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

இடப்பக்கம், நான்காவது அடுக்கு. கை வைத்த முதல் பெட்டியே சீல். 1.51க்குத் துறைமுக வாசலில் ஒப்படைத்தோம்.

மறுவாரம் பாய் குடோன் மென்பொருளையும் வாங்கினார். என்னிடம் கேட்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் ஸ்டெல்லா அக்கா ஒரு குடும்பப் படத்திலும் இல்லை. அந்தப் பட்டுப்புடவையும் சுண்ணாம்பில் வெந்து போனது. வேறு புடவை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், மன்னிக்கவில்லை.

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். கதவு நிலையில் என் மகளின் உயரத்தை வருடா வருடம் நான் கோடு போட்டுத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். காலையில் பார்த்தால் அதன்மேல் பாலித்தீன் தாள் ஒட்டியிருந்தது. மகள் பெயின்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எங்கப்பா வந்து இதையும் அடிங்கன்னு சொன்னா, கேக்கவே கேக்காதீங்க."

பெயின்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வியாசர்பாடிக்காரர், முன்பின் பார்த்ததில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சார், ராயபுரம் சர்ச்சுல கல்யாணத்த நிறுத்துனது நீதானா?"