ஒரு பிளக் பாயிண்டும் இரண்டு சம்பந்திகளும்

அன்பு மிகுந்த தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நான், மகள், மாப்பிள்ளை மூவரும் நலம். என் சக்கர நாற்காலியும் நலம். அங்கு உன் நலத்தையும், உன் வீட்டுக்காரியின் பல்வலி எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் நான் போனில் பேசினால் அது மூன்று அறைக்குக் கேட்கும். முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் நான். யார் பேச்சு யார் காதில் போய் விழும் என்று எனக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க் போனோம். மாப்பிள்ளை கம்பெனியில் நான்கு டிக்கெட் கொடுத்தார்கள். நான்காவது டிக்கெட்டுக்காக அவருடைய அம்மா, அதாவது நம் சம்பந்தியம்மா, முதல் நாளே தன் மூன்று சக்கர ஸ்கூட்டரோடு வந்து இறங்கிவிட்டார். அவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் மறக்க விடமாட்டார். கல்யாணமாகி இந்த மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் ஒரு சின்னக் குறைகூடச் சொன்னதில்லை. அப்படியென்றால் எங்களுக்குள் எவ்வளவு பிணக்கு என்று நீயே புரிந்துகொள்.

மாப்பிள்ளை தங்கமானவர். ஒரே ஒரு கொள்கை உண்டு: ஆளில்லாத இடத்தில் மின்சாரம் ஓடக் கூடாது. படுக்கும் முன் வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவார். முதல் நாள் ராத்திரி ஹாலில் என் நாற்காலியும் அந்த அம்மாளின் ஸ்கூட்டரும் பக்கத்துப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது அவருக்கு ஆளில்லாத இடமாகப் பட்டிருக்கிறது. காலையில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால், ஐந்து கோடு எரிய வேண்டிய இடத்தில் இரண்டே கோடு. வாய் திறந்து சொல்லலாமென்றால் குற்றவாளி மாப்பிள்ளை, எதிரே இருப்பவர் அவரைப் பெற்ற தாயார். வேன் வேறு வாசலில் நிற்கிறது. சம்பந்தியம்மா தன் ஸ்கூட்டரைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு ஃபுல்லா ஏறிடுச்சா?”

“ததும்புது,” என்றேன். “உங்களுக்கு?”

“வழியுது.”

இந்த லட்சணத்தில் கிளம்பினோம். அந்தப் பார்க்கைக் கட்டிய மகானுபாவன் சமதரை என்றால் என்னவென்றே தெரியாதவன். ஒரே மேடும் பள்ளமும். நுழைவாயிலிலிருந்து முதல் நிழலுக்கு வருவதற்குள் என் இரண்டு கோட்டில் ஒன்று போயே போய்விட்டது. அங்கே ஒரு மரத்தடியில் எங்களை நிறுத்தி, மடியில் ஆளுக்கொரு பையை வைத்து, “அத்தை, அம்மா, நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க, ஒரே ஒரு ரைடு போயிட்டு வந்துடறோம்” என்று மகளும் மாப்பிள்ளையும் ஓடினார்கள் பார், ஐந்து வயதுக் குழந்தைகள் தோற்றார்கள். ஒரே ஒரு ரைடுக்கு ஒன்றரை மணி நேரம் வரிசை. வெளியே கூட்டிப் போகிறேன் என்பார்கள், கூட்டி வந்து பைக்குக் காவல் வைப்பார்கள். உனக்கு இது புரியாது, உனக்கு முழங்கால் இருக்கிறது.

“சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாமா?” என்றார் சம்பந்தியம்மா. வழியில் ஒரு காவலாளியிடம் நான் ரகசியமாகச் சார்ஜ் போடும் இடம் கேட்டேன். அந்தப் பக்கம் அவரும் ஐஸ்கிரீம் விற்கிறவரிடம் அதையே கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள்: முதலுதவி அறை. வழி தவறி வந்தவர்கள்போல அங்கே போய்ச் சேர்ந்தோம். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு நர்ஸ், சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அங்கேதான் தம்பி, எங்கள் மரியாதை எங்களைக் கொன்றது.

“நீங்க போடுங்க சம்பந்தியம்மா. எனக்கு நாலு கோடு இருக்கு.”

“ஐயோ, எனக்கு எதுக்கு? நீங்க போடுங்க.”

“நீங்கதான் விருந்தாளி.”

“நீங்கதான் பொண்ணைப் பெத்தவங்க.”

நர்ஸம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் நிறைய இருக்குன்னா இங்க எதுக்கும்மா வந்தீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “சும்மா, ரூம் எப்படி இருக்குன்னு பார்க்க வந்தோம்” என்றேன். “நல்லா காத்தோட்டமா இருக்கு” என்றார் சம்பந்தியம்மா. நர்ஸம்மா வெந்நீர்ப் பாத்திரத்தின் வயரை எடுத்து அந்த ஒரே பாயிண்டில் செருகிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் போன் அடித்தேன். இரண்டும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. பெரிய வீதியைக் கடக்கும்போது என் நாற்காலி இரண்டு தடவை கீச்சென்று கத்திவிட்டு நடுவீதியில் நின்றுவிட்டது. அதே நேரம் மேளம் கேட்கிறது. பார்த்தால், எதிரே கரடி, வாத்து, முயல் வேஷம் போட்டவர்களின் ஊர்வலம் வந்துகொண்டிருக்கிறது. சம்பந்தியம்மா போயிருக்கலாம். போகவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தன் சால்வையை அவிழ்த்து ஒரு முனையை ஸ்கூட்டரின் பின்னாலும் மறுமுனையை என் நாற்காலியிலும் கட்டி, “கெட்டியா பிடிச்சுக்கோங்க!” என்று முடுக்கினார். சால்வை விறைத்தது. ஸ்கூட்டர் முனகியது. நூறு கிலோ நாற்காலி, என்னைச் சேர்க்காமல், ஓர் அங்குலம் நகரவில்லை. அப்புறம் ஸ்கூட்டரும் உயிரை விட்டது.

ஊர்வலம் எங்கள் முன்னால் வந்து நின்றுவிட்டது. கரடி குனிந்து, முகத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, “பிரேக் பூட்டியிருக்கும்மா. பின்னால ஒரு லீவர் இருக்கும், அதை விடுவிச்சாத்தான் தள்ள முடியும்” என்றது. தடவிக் கண்டுபிடித்து விடுவித்தும்விட்டது. என்னைக் கரடி தள்ள, சம்பந்தியம்மாவை வாத்து தள்ள, மேளம் மறுபடி தொடங்கியது. இரண்டு பக்கமும் ஜனங்கள் கைதட்டினார்கள். நாங்களும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். நான் என்ன செய்வது, கையை அசைத்தேன். ஒரு குழந்தை கையெழுத்துக் கேட்டு நோட்டை நீட்டியது. சம்பந்தியம்மா கையெழுத்துப் போட்டு, மேலே ஒரு சரிக் குறியும் போட்டுக் கொடுத்தார்.

ஊர்வலம் போய் நின்ற இடம் வேஷக்காரர்களின் உடை மாற்றும் அறை. அந்த உடுப்புகளுக்குள்ளே புழுக்கத்துக்கு ஒரு சின்ன விசிறி வைத்திருக்கிறார்களாம். அதற்குப் பேட்டரி, பேட்டரிக்குச் சார்ஜர். ஆகவே சுவர் நீளத்துக்குப் பதினாறு பிளக் பாயிண்ட்! கரடி தலையைக் கழற்றியது. ஐம்பது வயது மீசைக்காரர், இடுப்புவலிக்குப் பட்டை கட்டியிருந்தார். “எது வேணுமோ அதுல போட்டுக்கோங்கம்மா,” என்றார். பையிலிருந்த சார்ஜர்களைச் செருகிவிட்டு, தலையில்லாத முயல்களுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு சார்ஜரிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

“காலைல உங்களுக்கு உண்மையில எத்தனை கோடு?” என்று கேட்டே விட்டேன்.

“ஒண்ணு,” என்றார். “அதுவும் சிவப்பு.”

“அடிப்பாவி!” என்று வாய் தவறி வந்துவிட்டது. மூன்று வருடம் கட்டிக் காத்த மரியாதை அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் சிரிக்கிறார், டீ சிந்தச் சிந்தச் சிரிக்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அவன் ஸ்விட்சை அணைக்கிற டிக் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. எழுந்து போய்ப் போடலாம்னா, ஸ்கூட்டர் ஹால்ல நிக்குது, நான் ரூம்ல கிடக்கறேன். எப்படிப் போறது?”

“கூப்பிட்டிருக்கலாமே?”

“ஒரு ஸ்விட்சுக்கு ஆளைக் கூப்பிடறதா? எனக்கு மனசு வரலை.”

தம்பி, அந்த டிக் சத்தம் எனக்கும் கேட்டது. நானும் அதே வீட்டில் அடுத்த அறையில் அதே மாதிரிதான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து என் சாஸரில் வைத்தார்.

அப்போது ஒலிபெருக்கி அலறியது: “எழுபது வயது மதிக்கத்தக்க இரண்டு மூதாட்டிகளைக் காணவில்லை. கண்டவர்கள் தகவல் மையத்தில் ஒப்படைக்கவும்.” எனக்கு அறுபத்திரண்டு!

“ஒப்படைக்கணுமாமே, நாம என்ன குடையா?” என்றார் சம்பந்தியம்மா.

“போய்ச் சொல்லிடட்டுமாம்மா?” என்று கரடிக்காரர் எழுந்தார்.

“இன்னும் ரெண்டு கோடு ஏறட்டும்,” என்றோம், இருவரும் ஒரே குரலில்.

பிள்ளைகளைக் கலங்க விட்டது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். மூன்று தடவை அறிவித்தார்கள். நாலு கோடு ஏறியதும் புறப்பட்டோம். மரத்தடிக்கு வந்தால் மகளும் மாப்பிள்ளையும் அங்கே, நிழலில், காணாமல் போன குழந்தைகள்போல உட்கார்ந்திருக்கிறார்கள். இருவர் போனும் படம் எடுத்து எடுத்துத் தீர்ந்துவிட்டது. அவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் என் மடியில் இருந்த பையில். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். “எங்கம்மா போனீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா?” என்றார் மாப்பிள்ளை தன் தாயாரிடம்.

“பண்ணினாங்கடா. உன் போன்ல உயிர் இல்லை. வெளியே கிளம்பும்போது சார்ஜ் ஏத்தி எடுத்துட்டு வரக் கூடாதா?” என்றார் சம்பந்தியம்மா. எனக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்த அடுத்த நொடியே என் மகள் பக்கம் திரும்பி, “உங்க அம்மாவுக்குத்தான் நடுவழியில தீர்ந்துபோச்சு. பாவம், தனியா விட மனசு வரலை, கூடவே நின்னுட்டேன். எனக்கு நாலு கோடு இருக்கு பாரு” என்று காட்டுகிறார்! கேட்டாயா அநியாயத்தை? அன்றிலிருந்து இந்த வீட்டில் நான்தான் சார்ஜ் போடத் தெரியாதவள். மாப்பிள்ளை என் நாற்காலிக்கு மேலே சுவரில், “அத்தை, ஸ்விட்ச் போட்டீர்களா?” என்று எழுதி ஒட்டியிருக்கிறார். இனி அந்த அம்மாளோடு இந்தத் தெருமுனை வரைக்கும்கூடப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இதற்கு நீயே சாட்சி.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைவிடக் கெட்டிக்காரர்களாக வர ஆசீர்வாதம். உனக்கும் முழங்கால் கடைசிவரை நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வருவதாக மகளிடம் சொல்லியிருக்கிறேன். வரமாட்டேன். அன்றைக்குப் பார்க்கில் கூட்டம் இருக்காதாம், படகுச் சவாரியில் நாற்காலியோடு ஏற்றுவார்களாம், கரடிக்காரர் சொன்னார். சம்பந்தியம்மா வேன் பேசிவிட்டார். அவர் தன் மகனிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்று மட்டும் எனக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பு. மகள் கேட்டால் நீயும் நானும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.