சர் ஜோசையாவின் கிருதா

"இடது பக்கம் கொஞ்சம் நீளமா இருக்குங்கய்யா," என்றான் வேலையாள் டிம்மின்ஸ்.

சர் ஜோசையா பென்ரோஸ் கத்தரியை எடுத்தார். இன்னும் சற்று நேரத்தில் பிரிஸ்டல் சதுக்கத்தில் அவருடைய சிலையைத் திறக்கப் போகிறார்கள். ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தவர், வங்கி முதலாளி. சின்னப் பையன் முகம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று வாலிபத்தில் வளர்த்த கிருதா, இப்போது மார்புவரை இறங்கியிருந்தது. பாதி ஊர் அதை நம்பித்தான் அவரிடம் பணம் போட்டது.

நறுக்.

"இப்ப வலது பக்கம் நீளமா தெரியுதுங்கய்யா."

நறுக்.

"மறுபடியும் இடது..."

"ஒழுங்காப் பாத்துச் சொல்லேன்டா!"

கடைசியில் கன்னங்களில் அங்கங்கே திட்டுதான் மிஞ்சியது. வெட்டிய முடியைப் பசை தடவி ஒட்டினார்கள். கணப்புச் சூட்டில் பசை இளகி, முடி மோவாய்க்கு வழிந்து ஆட்டுத்தாடியானது. வேறு வழியில்லை, சவரக்கத்தி வந்தது.

கண்ணாடியில் வழுவழுவென்று ஒரு முகம், கன்னத்தில் குழியோடு.

"இந்த மூஞ்சிக்கு நானே கடன் குடுக்க மாட்டேன்," என்று முனகினார். மனைவி லெடிஷியா முன்னதாகவே போய் மேடையில் உட்கார்ந்திருப்பாள். ஊர் சிரிப்பதைவிட அவள் தலைகுனிவாளே என்பதுதான் அவருடைய பயம்.

சதுக்கத்தில் போலீஸ்காரர் மறித்தார். "ஓரமா நில்லுய்யா. சர் ஜோசையா வர்ற வழி."

"நான்தான்யா அது!"

"அப்ப நான்தான் மகாராணி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சத்தம் கேட்டுத் திரும்பிய லெடிஷியா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"கல்யாணமான புதுசுல பாத்தது இந்தக் குழிய," என்றாள். "எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க, ஜோசையா?"

மேயர் இருமினார். பேண்டு வாத்தியம் தொடங்கியது. அவள் கையை எடுக்கவேயில்லை. போலீஸ்காரர்தான் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் கோட்டைக் கழற்றிக் கொடுத்தபடி சர் ஜோசையா சிரித்தார். "உன் கோணக் கண்ணாலதான்டா இன்னிக்கு எனக்கு யோகம்."

"என் கண்ணு நல்லாத்தாங்கய்யா இருக்கு," என்றான் டிம்மின்ஸ். "முழுசா மழிக்கிற வரைக்கும் 'நீளம், நீளம்'னு சொல்லச் சொன்னது லெடிஷியா அம்மாதாங்க."