சம்பந்தியின் தொப்பி

சம்பந்தி வீட்டார் வாசலில் நின்று குடையை உதறி மடக்கிக்கொண்டிருந்தபோது தொப்பிக்காரர் சம்பந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த தொப்பியைத்தான் பார்த்தார்.

பார்த்ததும் நெஞ்சு பக்கென்றது.

ரோமத்தை அழுத்திச் செய்த சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி. நல்ல சரக்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் என்ன கோலம்! உச்சியில் நீளவாக்கில் விழ வேண்டிய மடிப்பைக் காணோம். முன்பக்கம் விரல் பதிகிற குழிகளையும் காணோம். கவிழ்த்து வைத்த பானை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. விளிம்பு தட்டுப்போல விறைத்துக் கிடந்தது. மேலெல்லாம் மழைத்துளி வேறு.

போதாக்குறைக்கு, சம்பந்தி அதை வாசலோரத்து ஸ்டூலில் விளிம்பு கீழே படும்படி வைத்தார்.

தொப்பிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பஸ் டிப்போவில் நேரம் பார்ப்பவர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும், எது தாமதம் என்று சொல்வது அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் டிப்போவில் யாருக்கும் தெரியாது. மனைவிக்கே சமயத்தில் யோசித்துத்தான் வரும். டிரைவர்களுக்கு அவர் தொப்பிக்காரர். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் வாங்கிய தொப்பி இன்னும் நேற்று வாங்கியது போல இருக்கிறதென்றால் சும்மாவா? வேலைக்குச் சேர்ந்த அன்றே புது கண்டக்டர் யாராக இருந்தாலும், டிக்கெட் பை கைக்கு வருவதற்கு முன்னால் இதைக் கேட்டே ஆக வேண்டும்:

"உச்சியைக் கிள்ளித் தூக்கக்கூடாது, விளிம்பைத்தான் பிடிக்கணும். கழட்டினா மல்லாக்க வைக்கணும். பிரஷ் போட்டா முடி படிஞ்சிருக்கிற பக்கமாவே போடணும். நனைஞ்சா தானா காயணும், சூடு பக்கமே போகக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். ஆனா எங்கிட்ட தொப்பி இல்லையே."

"இல்லாட்டி என்ன? தெரிஞ்சு வெச்சுக்கோ."

இவ்வளவு பெருமைக்கும் நடுவில் ஒரு சின்ன விஷயம் அவருக்கே மறந்துபோயிருந்தது. வாழ்க்கையில் அவர் கையாண்டது அந்த ஒரே ஒரு தொப்பியைத்தான். அதற்கும் மடிப்பு வைத்துக் கொடுத்தது கடைக்காரர்.

இன்றைக்கு அவர் பெருமைப்பட இன்னொரு காரணமும் இருந்தது. மகள் தன்னோடு வேலை பார்க்கிற பையனைப் பிடித்திருப்பதாகச் சொல்லி, இரண்டு வீட்டாரும் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். பையன் தங்கமானவன். அவன் அம்மா கலகலப்பாகப் பேசினாள். அப்பாதான் புதிர். ஆள் நல்ல உயரம், அகலம், அதற்கேற்ற தலை. பல் டாக்டர். நாளெல்லாம் 'வாயைத் திறங்க' என்று பிறத்தியாரைச் சொல்லிச் சொல்லி, தன் வாயைத் திறக்கிற பழக்கமே விட்டுப்போனவர் போலிருந்தார்.

"வழியில மழை ரொம்பவோ?" என்றார் தொப்பிக்காரர்.

"ம்."

"வீடு கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துதா?"

"ம்ஹூம்."

அதோடு சரி. பெண்ணைப் பிடித்திருக்கிறதா, வீடு பிடித்திருக்கிறதா, எதுவும் அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை. சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் ஓரமாக உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தொப்பிக்காரரின் கண் மட்டும் திரும்பத் திரும்ப ஸ்டூலுக்கே போனது. ஸ்டூலுக்கு மேலே அலமாரித் தட்டில் அவருடைய சொந்தத் தொப்பி முறைப்படி மல்லாந்து, ராஜா போலக் கிடந்தது. கீழே இது. அதே சாம்பல் நிறம், அதே கறுப்பு நாடா. பார்க்கச் சகிக்கவில்லை.

'நாளைக்கு நம்ம சம்பந்தி. இந்தக் கோலத்துல தெருவுல நடந்தா யாருக்குக் கேவலம்? ஊர்ல தொப்பி தெரிஞ்சவன் நான் ஒருத்தன் இருந்துகிட்டு!'

சத்தமில்லாமல் சரிசெய்து வைத்துவிட வேண்டும். கிளம்பும்போது எடுத்துப் பார்ப்பார், அசந்துபோவார், வாய் திறப்பார். பெண்ணுடைய கல்யாணமும் அந்த வேகத்திலேயே முடிவாகிவிடும்.

"டீ என்னாச்சுன்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தார். போகிற போக்கில் தொப்பியைச் செய்தித்தாளால் மூடி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

"கெட்டிலை இப்படித் திருப்பு. ஆவி வேணும்."

"டீக்குத் தண்ணி கொதிக்குதுங்க" என்றாள் மனைவி.

"டீ பொறுக்கும். தொப்பி பொறுக்காது."

"உங்க தொப்பிக்கு என்ன வந்துது?"

"என்னுது இல்ல. சம்பந்தியோடது."

அவள் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. "அடுத்தவங்க தொப்பியை நீங்க ஏங்க..."

"மழையில மடிப்பெல்லாம் போயிடுச்சு. பாவம், பல்லைத் தவிர மனுஷனுக்கு வேற எதுவும் தெரியல. நாமதான் எடுத்துச் செய்யணும்."

முதலில் அளவு பார்ப்பதற்காகத் தன் தலையில் வைத்துப் பார்த்தார். வார்த்து எடுத்தது போல உட்கார்ந்தது.

"பார்த்தியா! அவர் தலையும் என் தலையும் ஒரே அளவு. பொருத்தம்னா இதுவல்லவா பொருத்தம்!"

கெட்டில் மூக்கிலிருந்து சீறிய ஆவியில் தொப்பியைக் காட்டினார். ஃபெல்ட் இளகியது. உள்ளங்கையின் ஓரத்தால் உச்சியில் ஒரு அமுக்கு அமுக்கினார். பள்ளம் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனால் நடுவில் விழாமல் ஒரு பக்கமாகப் போய், கன்னத்தில் அறை வாங்கினவன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"கொஞ்சம் கோணல் இல்ல?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் இல்ல" என்று ஒப்புக்கொண்டார். "உள்ளேருந்து தள்ளினா சரியாப் போயிடும். அந்தப் பாத்திரத்தை எடு."

கவிழ்த்த பாத்திரத்தின் மேல் தொப்பியை மாட்டி இழுத்தார். பள்ளம் மறைந்தது. தொப்பிதான் திரும்பி வர மறுத்தது. அவர் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, மனைவி பாத்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"என்ன சத்தம்? டீயெல்லாம் வேண்டாங்க, வந்து உக்காருங்க!" என்று கூடத்திலிருந்து சம்பந்தியம்மாளின் குரல் வந்தது.

"இதோ ஆச்சுங்க!" என்று கத்திக்கொண்டே மனைவி ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். பாத்திரம் அவள் கையோடு வந்தது. தொப்பி இவர் கையோடு வந்தது. ஆனால் விளிம்பு, காற்றில் ஆடுகிற திரைச்சீலை போல அலையலையாக நெளிந்திருந்தது.

"இஸ்திரிப் பெட்டி" என்றார் தொப்பிக்காரர்.

"வேண்டாங்க."

"ஈரத்துணி போட்டுத் தேய்ச்சா தட்டு மாதிரி ஆயிடும். எனக்குத் தெரியாதா?"

ஈரத்துணி போட்டுத்தான் தேய்த்தார். துணி நழுவியதைத்தான் கவனிக்கவில்லை. சுர்ரென்று ஒரு சத்தம், முடி கருகுகிற நாற்றம். விளிம்பில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு, பழுப்பு நிறத்தில் தெளிவாகப் பதிந்திருந்தது.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பிரஷ் போட்டா போயிடும்" என்றார். குரலில் பழைய கம்பீரம் இல்லை. அவருடைய தொப்பி பிரஷ் கூடத்தில் இருந்தது. கைக்கெட்டினது பின்கதவு ஓரத்தில் கிடந்த பிரஷ். முடி படிந்த பக்கமாகவே, முறைப்படி ஒரு இழுப்பு இழுத்த பிறகுதான் அது ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற பிரஷ் என்பது தெரிந்தது. பழுப்பு மூக்கின் மேல் கறுப்பு மீசை முளைத்தது.

மீசையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மீசை கரைந்து தொப்பி முழுக்கப் பரவியது. இப்போது தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பொண்ணோட முடி காய வைக்கிற மெஷினைக் கொண்டா."

"சூடு பக்கமே போகக்கூடாதுன்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்வீங்க?"

"அது காய வைக்க நேரம் இருக்கிறவங்களுக்கு."

மெஷின் உறுமியது. தொப்பி காய்ந்தது. காயக் காய, கண்ணெதிரே சுருங்கியது. விளிம்பு மேலே சுருண்டது, உச்சி உள்ளே ஒடுங்கியது. அவர் கையை எடுத்தபோது அது பெரியவர்களுக்குச் சின்னதாகவும் குழந்தைகளுக்குப் பெரிதாகவும், யார் தலைக்கும் ஆகாத ஒரு பொருளாக மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள்.

"அப்பா, டீ என்ன... ஐயோ, அது என்ன? நாய் கடிச்ச செருப்பா?"

"மெதுவாப் பேசும்மா."

"யாரோடதுப்பா?"

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளுக்குப் புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசல. என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு தெரியாம நான் செத்துட்டிருக்கேன். நீங்க இங்க அவர் தொப்பியைச் சமைச்சு வெச்சிருக்கீங்க!"

"நல்லது செய்யத்தாம்மா நினைச்சேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. "மழை விட்டுடுச்சு, கிளம்பலாமா?" என்று சம்பந்தியம்மாள் சொல்வது கேட்டது.

தொப்பிக்காரர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். அலமாரித் தட்டில் அவருடைய தொப்பி தெரிந்தது. அதே சாம்பல் நிறம், அதே கறுப்பு நாடா. வெயிலிலும் மழையிலும் எத்தனை ஆயிரம் பஸ்ஸை அனுப்பியிருப்பார் அதைப் போட்டுக்கொண்டு! தொப்பியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு நேராக நடந்து போய்த் தொப்பியை விளிம்பைப் பிடித்து எடுத்தார்.

"என்னங்க, அது உங்க..." என்றாள் பின்னால் வந்த மனைவி.

"சும்மா இரு."

வாசலில் சம்பந்தி ஸ்டூலைப் பார்த்தார், ஸ்டூலுக்கு அடியில் பார்த்தார். அன்றைக்கு முதன்முறையாக அவர் வாய் திறந்தது.

"இங்க ஒரு தொப்பி..."

"இதோ இருக்கு!" என்று தொப்பிக்காரர் பாய்ந்தார். "இதைப் போட்டுக்காம போகலாமா? குனியுங்க, நானே போட்டு விடறேன். இனிமே நாம ஒரே குடும்பம்!"

சம்பந்தி குனிந்தார். தொப்பிக்காரர் இரண்டு கையாலும் வைத்தார். பெரிய ஜாடிக்குச் சின்ன மூடி போட்ட மாதிரி அது உச்சியிலேயே நின்றுவிட்டது.

தொப்பிக்காரருக்கு வியர்த்தது. இரண்டு பேர் தலையும் ஒரே அளவு என்று சற்றுமுன்தானே பார்த்தார்? அதற்குள் மனுஷனுக்குத் தலை வளர்ந்துவிட்டதா?

"கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்" என்று சமாளித்தார். "போகப் போகச் சரியாயிடும்."

சம்பந்தி தொப்பியைக் கழற்றினார். உள்ளே திருப்பி, வியர்வை படிந்து கறுத்திருந்த தோல் பட்டையைப் பார்த்தார். பிறகு தொப்பிக்காரரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தொப்பிக்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சரி" என்றார் சம்பந்தி. தொப்பியை மறுபடி உச்சியில் வைத்துக்கொண்டு, தொப்பிக்காரரின் கையை இரண்டு கைக்குள் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, விறுவிறுவென்று படியிறங்கினார்.

தொப்பிக்காரர் ஜன்னலுக்கு ஓடினார். தெருவில் கார் வரைக்கும் தொப்பி நடந்து போனது. அளவில்லாத தலையில் உட்கார்ந்திருந்தும் அதன் மடிப்பு கலையவில்லை, விளிம்பு தாழவில்லை. எதிரே வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பார்த்தியா, எப்படி நிக்குது!" என்றார். ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். "எந்தத் தலையில வெச்சாலும் அதோட மிடுக்கு போகாது."

மனைவி அவர் தோளைத் தொட்டாள். "பொண்ணுக்காகக் கொடுத்தீங்க. வருத்தப்படாதீங்க."

"வருத்தமா? எனக்கா?" அவர் நிமிர்ந்தார். "தலையா போச்சு? தொப்பிதானே. அதுவும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாம காரியத்தை முடிச்சேனே, அதைச் சொல்லு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் சமையலறைக்குப் போய், மேஜைமேல் கிடந்ததைக் குப்பையில் போடலாமா, புதைக்கலாமா என்று யோசித்தபடி கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்துப் படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். பையன் திரும்ப ஓடி வந்திருந்தான். தொப்பிக்காரர் கையிலிருந்ததைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பையனுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, கார்ல ஏறினதும் அப்பா அழுதுட்டாரு! 'நான் தலையில தொப்பியே வைக்காதவன். அவர் கையாலேயே வடிவம் கொடுத்துக்கட்டும்னு மடிப்பு வைக்காத புதுத் தொப்பி ஒண்ணு அவருக்காக வாங்கி, அதோட அட்டைப்பெட்டி மழையில ஊறிப்போனதால கையிலேயே பிடிச்சு எடுத்துட்டு வந்தேன். நான் கொடுக்கிறதுக்குள்ள அவரே புரிஞ்சுக்கிட்டு அதை உள்ள எடுத்து வெச்சுட்டு, தன் தொப்பியையே எடுத்து என் தலையில வெச்சுட்டாரே, இந்த மாதிரி சம்பந்தி யாருக்குக் கிடைப்பாங்க'ன்னு சொல்லிச் சொல்லி அழறாரு... கல்யாணப் பேச்சு முடிக்க நாளைக்கு எங்க வீட்டுக்கு வரும்போது, நீங்க அந்தப் புதுத் தொப்பியைப் போட்டுக்கிட்டுத்தான் வரணுமாம்!"