துண்டுக்கடியில் வீடு விற்ற விவரம்

சேசு மரி சூசை துணை

அரூர்,
4-7-1987

மிகுந்த அன்புக்குரிய மாப்பிள்ளை பிலவேந்திரன் அவர்களுக்கு மாமனார் ஸ்தனிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. ஆண்டவர் தயவில் நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம்; என் மூட்டுவாதத்தையும் அவளுடைய கோபத்தையும் கணக்கில் சேர்க்கவில்லை. ஓசூரில் நீங்களும் பேரனும், முக்கியமாக மாசமாக இருக்கும் ராஜமேரியும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு விற்றுவிட்டது. இந்த வாக்கியத்தை எழுதியதும் எழுந்துபோய், வாங்கியவர் மனம் மாறித் திரும்பி வருகிறாரா என்று தெருமுனைவரை பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த வாக்கியத்தை எழுதுகிறேன். உங்கள் பக்கத்து வீட்டைச் சொந்தக்காரர் ஆடி பிறக்கும்வரைதான் நமக்காக நிறுத்தி வைத்திருப்பார் என்று நீங்கள் மூன்று முறை ஞாபகப்படுத்தியும், மகளின் பிரசவத்துக்குள் வந்து சேராமல் இந்தக் கிழவன் ஏன் இழுத்தடிக்கிறான், சொந்த வீட்டை விட மனமில்லையோ என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நினைக்காவிட்டாலும், நினைத்திருப்பீர்களோ என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆகையால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது.

போன வருஷம் விற்பது என்று முடிவானவுடனே உங்கள் அத்தை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள். அடுத்த வாரமே கிளம்பிவிடுவோம் என்று நம்பினாள். அன்று முதல் இரண்டு தட்டு, ஒரு குண்டான், ஒரு கரண்டி என்று குடித்தனம் நடக்கிறது. விருந்தாளி வந்தால் சாக்கைப் பிரிக்க வேண்டும், அவர் போனதும் கட்ட வேண்டும். சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டதால், ஜெபம் சொல்லும்போது வெறும் ஆணியைப் பார்த்துச் சொல்கிறோம்.

அரூரில் வீட்டுத் தரகர் என்று தனியாக ஒருவர் இல்லை. மாட்டுத் தரகர் மாயவன்தான் வீடு, காலிமனை, சமயத்தில் மாப்பிள்ளை எல்லாவற்றையும் பார்க்கிறார். அவர் மாட்டுச் சந்தை வழக்கத்தையே இங்கும் கொண்டுவந்தார். ஒரு விரலுக்கு எவ்வளவு என்பதை மட்டும் முதலில் காதோடு பேசிக்கொள்வார்கள். பிறகு விற்பவரும் வாங்குபவரும் கையைச் சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, எத்தனை விரல் நீட்டுகிறார் என்று தடவிப் பார்த்து விலை பேச வேண்டும். “வாயால சொன்னா பக்கத்து வூட்டுக்காரன் காதுல வுழுங்க சார். அவன் நாளைக்கே அவன் வூட்டுக்கு ஒரு வெல வெப்பான். அஞ்சு வெரலு நீட்டி ஆரம்பிங்க. எறங்கணும்னா சுண்டு வெரல மடக்குங்க, நாலாயிடும். அவ்வளவுதாங்க ஏவாரம்” என்றார் மாயவன். முப்பது வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது பெரிய பாடமா? வீட்டிலே இரண்டு நாள் இடது கையால் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன்.

முதலில் வந்தவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. மழைக்கு எந்த ஓட்டு வழியாக ஒழுகும் என்பதை நானே ஏணி போட்டுக் காட்டினேன், மனச்சாட்சி உறுத்துமே. அதையும் பொறுத்துக்கொண்டு அவர் துண்டுக்குள் கையை நீட்டினார். கேட்பதற்கு முன்பே நான் நான்குக்கு இறங்கிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கையை உருவிக்கொண்டார், போய்விட்டார். இரண்டாவதாக ஒரு அரிசி மில்காரர் வந்தார். அவரிடமும் நான்கு. அவர் பொறுமையாகக் கால் மணி நேரம் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து, “பாக்கத்தான் சார் புள்ளப்பூச்சியாட்டம் இருக்கீங்க. ஏவாரத்துல யமனா இருக்கீங்களே!” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். என்னை யாரும் யமன் என்று சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் வைத்த பட்டப்பெயர் வேறு.

அதற்குப் பிறகு வந்தவர்களும் இப்படியே. நான் இறங்கி இறங்கிப் போகிறேன், அவர்கள் பயந்து பயந்து போகிறார்கள். கடைவீதியில் எனக்கு ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் இடம் விட்டார்கள். மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து மாது என்ற ஒருவர் எருமையோடு வாசலில் வந்து நின்று, “சந்தைக்கு வந்து கொஞ்சம் கை குடுங்க சார். ஏவாரி ஏமாத்தறான். நீங்கன்னா ஒரு பைசா எறங்க மாட்டீங்களாமே” என்றார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் நானும் போனேன். எருமையும் விற்கவில்லை. அவர் அதை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போகும்போதும் எனக்கு நன்றிதான் சொன்னார்.

இந்தப் பேச்செல்லாம் உங்கள் அத்தை காதுக்கு எட்டியது. “கத்திரிக்காய்க்காரி கேட்டதுக்கு மேல நாலணா குடுத்துட்டு வர்ற மனுசன், வூட்டு வெலையில மட்டும் எப்பிடிங்க கல்லாட்டம் நிக்கிறீங்க? உங்களுக்கு ஓசூர் வர இஷ்டமில்ல. எம்மவ பிரசவத்துக்கு நான் போவக்கூடாது. அதச் சொல்லிடுங்க, நான் சாக்கப் பிரிச்சிடறன்” என்றாள். நான் இறங்கத்தான் இறங்கினேன் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் ஊரே ஒன்று சொல்லும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் என் மனத்துக்குள் ஒரு பேராசைக்காரன் உட்கார்ந்திருக்கிறானோ என்று பாவசங்கீர்த்தனத்தில்கூடக் கேட்டேன். வீடு விற்காமல் இருப்பது பாவத்தில் சேராது என்று சாமியார் அனுப்பிவிட்டார்.

நேற்றுக் காலை சென்னப்பன் என்ற புளி வியாபாரியை மாயவன் அழைத்துவந்தார். துண்டு போட்டோம். நான் நான்கு. அவர் தலையை ஆட்டினார். நான் மறுபடியும் நான்கு, கண்ணால் கெஞ்சிக்கொண்டே. அவருக்குப் பொறுக்கவில்லை. துண்டை இழுத்து எறிந்துவிட்டு, “என்னங்க சார் இது! மூஞ்சி எறங்கறேங்குது, வெரலு எறங்க மாட்டேங்குது. எதுங்க பேசறது?” என்றார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். என் கை ஐந்து விரலோடும் விரிந்தே இருந்தது. மாப்பிள்ளை, ரிட்டயர் ஆன வருஷத்திலிருந்து என் வலது சுண்டுவிரல் வாதத்தால் மடங்குவதில்லை. இது எனக்குத் தெரியாத செய்தியும் அல்ல. சட்டைப் பொத்தானை உங்கள் அத்தைதான் தினமும் போட்டுவிடுகிறாள். ஆனால் துண்டுக்குள் கை போனதும், மடக்கினேன் என்று நினைத்ததே மடக்கியதாகிவிட்டது. கட்டைவிரலை மடக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மாயவன் சுண்டுவிரல் என்றுதான் சொல்லியிருந்தார்.

மாயவன் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஒரு வருசமாங்க சார்? ஒரு வருசமாவா?” என்றார். உங்கள் அத்தை உள்ளேயிருந்து வந்து என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தெனம் நாந்தான இதுக்குத் தைலம் தேய்க்கறன். எனக்காவது தோணுச்சா பாருங்க” என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான்கு விரலுக்கு முடிந்தது. வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை பத்திரம். ஆடிக்கு முன்பே பால் காய்ச்ச வேண்டுமாம், ஆகவே புதன்கிழமை காலி செய்து கொடுக்க ஒத்துக்கொண்டேன். அன்று காலை ஓசூரிலிருந்து ஒரு சிறிய லாரியை ஏற்பாடு செய்து அனுப்பினால் உபகாரமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் நாங்கள் வருவது உறுதி என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

ராஜமேரியைக் குடம் தூக்க விட வேண்டாம். உங்கள் எல்லோருக்கும் தேவமாதாவின் அடைக்கலமும், இந்தக் கிழவனின் ஆசீரும் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
அ. ஸ்தனிஸ்லாஸ்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் எதிர் மருந்துக்கடைக்கு ராஜமேரியிடமிருந்து டிரங்க் கால் என்று கூப்பிட்டார்கள். உங்களுக்கு அரூருக்கே மாற்றல் ஆகிவிட்டது என்றும், புதன்கிழமையே எல்லோரும் வருவதாகவும் சொன்னாள். “நல்லவேளைப்பா, வூடு இன்னும் விக்கலயில்ல? தெக்கால ரூம ஒழிச்சு வையுங்க” என்றாள். “அது வந்தும்மா...” என்றேன். லைன் கட்டாகிவிட்டது. நான் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உங்கள் அத்தை நிற்கவில்லை. நேராகச் சென்னப்பனிடம் போய், நம் வீட்டை நமக்கே வாடகைக்குப் பேசி முடித்துவிட்டாள். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீடு ஒரு நாளாவது காலியாக இருந்தால்தான் பால் காய்ச்சுவார்களாம். ஆகையால் புதன்கிழமை சாமான்களை வெளியே எடுத்து, வியாழக்கிழமை உள்ளே வைக்க வேண்டும். லாரி வேண்டாம். ஓசூர் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவும். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே நம் தெருவுக்கு வாருங்கள். கட்டில், பீரோவோடு நடுத்தெருவில் உட்கார்ந்திருப்போம். ராஜமேரி வந்ததும் படுத்துக்கொள்ள, கட்டிலை வேப்பமர நிழலில் போடச் சொல்லியிருக்கிறாள் உங்கள் அத்தை.