பேசிக்கலி நான் மெக்கானிக்கல்

அமெரிக்காவுக்குப் போன தமிழர்களில் ஓர் இனம் உண்டு. படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், பிழைப்பது கம்ப்யூட்டரில், ஏங்குவது ஸ்பேனருக்கு. இவரை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். எங்கேயாவது ஒருவன் ஏணியைச் சாய்த்தால் போதும், அதன் அடியில் இவர் முளைத்துவிடுவார். இரண்டு கையையும் இடுப்பில் வைப்பார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். ஒரு ‘ம்ஹூம்’ போடுவார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பேசிக்கலி நான் மெக்கானிக்கல்” என்பார்.

அவ்வளவுதான். அன்றைக்கு முடிய வேண்டிய வேலை நாளைக்குத்தான் முடியும்.

நியூஜெர்ஸி மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கியிருந்த மகாதேவனை எடுத்துக்கொள்ளுங்கள். காலேஜ் முடித்து, அம்பத்தூர் ஃபாக்டரி ஒன்றில் எட்டு மாசம் வேலை பார்த்தவர். அந்த எட்டு மாசத்தில் லேத் மெஷினை இரண்டு தடவை தொட்டிருக்கிறார்; அதில் ஒரு தடவை ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க. அதற்கப்புறம் பதினைந்து வருஷமாகக் கீபோர்டுதான். தொண்ணூற்றெட்டில் ஊரே ஒய்டூகே என்று அலறிக்கொண்டிருந்தபோது, இவரும் ஆபீசில் உட்கார்ந்து இரண்டு இலக்க வருஷத்தை நாலு இலக்கமாக்கிக்கொண்டிருந்தார். பாவம், மனுஷனுக்குள் ஒரு இன்ஜினியர் பட்டினி கிடந்தான். வீட்டுக்கு வந்து மிக்ஸியைக் கழற்றுவார். மாட்டுவார். மனைவி ஜலஜா மறுநாள் புது மிக்ஸி வாங்குவாள்.

அந்த வருஷம் அந்தப் பட்டினிக்கு மழைக் குழாய் வந்து சேர்ந்தது.

கூரை விளிம்புத் தகரக் கால்வாயில் சேரும் தண்ணீரைச் சுவரோரமாகக் கீழே இறக்கும் குழாய்க்கு அங்கே டவுன்ஸ்பவுட் என்று பெயர். மகாதேவன் வீட்டில் அது இற்றுப்போய், தண்ணீரெல்லாம் தரைக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ட் அறையின் சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. ஜலஜாவோ அந்த நவராத்திரிக்கு பேஸ்மென்டில் ஒன்பது படி கொலு என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். மயிலாப்பூரிலிருந்து ஏழு வருஷமாக, ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு இரண்டாக, மடியில் வைத்துக்கொண்டு பிளேன் ஏறி வந்த மண் பொம்மைகள். ஏர் ஹோஸ்டஸ் கேட்டும் கொடுக்காத பொம்மைகள்.

கடையில் விற்கிற ரெடிமேட் குழாய் அந்த வீட்டுக்குச் சரிப்படவில்லை. சுவரின் நடுவில் ஒரு கல் விளிம்பு தொப்பை மாதிரித் துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வளைத்து, அளவெடுத்து, தகடு மடித்துச் செய்தாக வேண்டும். அதற்கு ஸ்டான் வந்தார். அறுபது வயசு. நாற்பது வருஷமாகத் தகடு மடிக்கிறவர். வேனிலிருந்து மடிக்கிற மெஷினை இறக்கிவைத்து, தகட்டை நுழைத்து ஓர் அழுத்து அழுத்தினால் அப்பளம் மாதிரி மடங்கும், ஆனால் உடையாது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். மகாதேவனால் முடியுமா?

ஸ்டான் மேல் குழாயின் நுனியை நெளித்துக் குறுக்கி, கீழ்க் குழாயின் வாய்க்குள் சொருகினார். மகாதேவன் ‘ம்ஹூம்’ போட்டார்.

“ஸ்டான், பேசிக்கலி ஐ ஆம் எ மெக்கானிக்கல் இன்ஜினியர்.”

“ஓகே, பாஸ்.”

“கீழ்க் குழாயோட வாய் வெளியே தெரியறது பார். மழை பேஞ்சா அந்த இடுக்குக்குள்ளே தண்ணி போகும், குப்பை போகும்” என்று இங்கிலீஷில் விளக்கினார். “மேல் குழாய்தான் வெளிப்பக்கமா வரணும். லைக் எ லிட்.”

காபியோடு வந்த ஜலஜா நின்றுவிட்டாள்.

“ஏன்னா, அவர் பாட்டுக்குப் பண்ணிண்டிருக்கார். எதுக்கு நடுவில போய் நிக்கறேள்?”

“நீ சும்மா இரு ஜலஜா. டிபன் டப்பா மூடி டப்பாவுக்கு வெளியே இருக்கா, உள்ளே இருக்கா?”

“வெளியே.”

“அதான். பேசிக் டிசைன்.”

“டிபன் டப்பாக்குள்ள மேலேர்ந்து தண்ணி ஊத்துவேளா?”

இந்தக் கேள்வி மகாதேவன் காதில் விழவில்லை. இந்த இனத்துக்குக் காது ஒரு மாதிரி. பாராட்டு மட்டும்தான் கேட்கும். ஸ்டான் வானத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், “வாட்டர் கோஸ் டவுன், பாஸ்” என்றார். மகாதேவன் உள்ளே போய், ஆபீஸ் பேப்பரில் மூன்று கோணத்தில் படம் வரைந்து எடுத்துவந்தார். ஸ்டான் அதன் அடியில் அவரிடம் கையெழுத்து வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“யூ ஆர் தி இன்ஜினியர்” என்று சொல்லி, படத்தில் இருந்தபடியே மாட்டிவிட்டுப் போனார்.

அது பாராட்டா? ஸ்டான் கை கழுவிய சத்தம் அது. ஆனால் மகாதேவன் அதை அன்றைக்கே நாலு பேருக்குப் போன் பண்ணிச் சொன்னார். “வெள்ளைக்காரனே ஒத்துண்டுட்டான் சார்!”

நவராத்திரி இரண்டாம் நாள் காலையிலிருந்து மழை. தண்ணீர் குழாய்க்குள் நன்றாகத்தான் இறங்கியது. ஒவ்வொரு மூட்டிலும் கீழ்க் குழாயின் விளிம்பில் முட்டியது. முட்டி, இடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. பார்த்த பிறகு உள்ளே போக மனசில்லாமல் சுவரோடு இறங்கி நேரே பேஸ்மென்டைத் தேடிப் போனது.

சாயங்காலம் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள். சுண்டல் கை மாறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜெபராணி, நாகர்கோவில்காரி, வருஷம் தவறாமல் கொலுவுக்கு வருகிறவள், காலைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஜலஜாக்கா, கார்ப்பெட்டு இப்படி நனைஞ்சு கெடக்கே. பிள்ளைங்க ஜூஸு கீஸு கொட்டிட்டா?”

“அம்மா, இட்ஸ் வெட் எவ்ரிவேர்!” என்றாள் ஜலஜாவின் மகள் மாளவிகா.

ஜலஜா தரையோடு தரையாக இருந்த கொலுவின் கீழ்ப் படியைப் பார்த்தாள். அங்கே செட்டியார் பொம்மை மளிகைக் கடையை விரித்து உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே செட்டியார் இல்லை. கரைந்து, தன் கடைப் பருப்போடு பருப்பாகக் கிடந்தார். பக்கத்தில் அவர் பெண்டாட்டி சாய ஆரம்பித்திருந்தாள்.

ஜலஜா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “தூக்குங்கோடி” என்றாள். பெண்கள் வரிசையாக நின்று தசாவதாரத்தையும் கல்யாண செட்டையும் கை மாற்றி மாற்றி மேலே ஏற்றினார்கள். எங்கே வைப்பது? மாடிக்குப் போகிற படிக்கட்டு இருக்கிறதே! ஒன்பது படியில் வெள்ளை வேட்டி விரித்து, அரை மணியில் கொலு மறுபடி எழுந்தது. மாடிக்குப் போக ஓரத்தில் ஓர் அடி இடம் விட்டார்கள். ஜலஜா பக்கவாட்டில் நடந்து ஏறினாள். மாளவிகா ஏறினாள். ஆபீசிலிருந்து வந்த மகாதேவன் தன் வயிற்றையும் அந்த ஓரடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் எப்படி ஜலஜா மேலே படுக்கப் போறது?”

“நீங்கதானே மெக்கானிக்கல். டிசைன் பண்ணுங்கோ.”

எட்டு நாள் சோபாவில் படுத்தார். பாதிச் செட்டியாரை ஜலஜா எறியவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். மகாதேவன் கண்ணில் படுகிற உயரத்தில்.

மழை விட்டதும் ஸ்டான் வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுக்கவேயில்லை, நல்ல மனுஷன். குழாய்களைக் கழற்றி, நுனியை நெளித்து, மேல் குழாயைக் கீழ்க் குழாய்க்குள் சொருகினார். ஏணி அடியில் நின்ற மகாதேவன் பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. பதினோராவது நிமிஷம், “யெஸ், யெஸ், எக்ஸாக்ட்லி” என்று ஆரம்பித்தார்.

இதோடு ஆள் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வாரம் ஜெபராணியின் கணவர் சத்தியசீலன் தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகாதேவன் முளைத்தார்.

“நாங்களும் குழாயை மாத்தலாம்னு இருக்கோம் சார்.”

“ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்கோ சத்யா. மேல இருக்கறது கீழ இருக்கறதுக்குள்ள போணும். பேசிக் டிசைன். இது தெரியாம நிறையப் பேர் தப்புப் பண்ணிடறா.”

“நிறையப் பேரா சார்?”

“ம். நானே ஒரு வீட்டுல பாத்தேன்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரே ஒரு கேள்வி. படித்துக்கொண்டே வரும்போது நடுவில் எங்கேயோ, ‘அந்த இடுக்கில கொஞ்சம் சிலிகான் பசை பூசியிருந்தா எப்படிச் சொருகினாலும் ஒழுகியிருக்காதே’ என்று உங்களுக்கு ஒரு யோசனை ஓடியதா இல்லையா? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயைக்கூடத் திறந்தீர்களோ?

சரி, விடுங்கள். எந்தக் காலேஜ், எந்த வருஷம்?