வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்கும் ஆட்காட்டி

ஒரு காட்டில் ஒரு குளம், குளத்தில் ஒரு முதலை. கரையில் காவல் பார்க்கும் உத்தியோகம் செங்கமலம் என்ற ஆட்காட்டிக் குருவிக்கு. முதலை தலை தூக்கினால் "முதலை" என்றும், இல்லாவிட்டால் "குளம் அமைதி" என்றும் நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்தும். அந்தக் குரலை நம்பித்தான் மான்கள் தண்ணீர் குடித்தன.

சிங்கராஜாவுக்குத் தலைவலி. "ஒண்ணும் நடக்கலைங்கிறதுக்கு இவ்வளவு கத்தலா?" என்று உறுமியது.

மந்திரி நரி பட்டணத்துப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்த புதிது. "பார்க்கிற தடவையைக் குறைக்கலாம் பிரபு. மாற்றம் தெரிந்தால் அடிக்கடி பார்ப்போம். தெரியாவிட்டால் எப்போதாவது பார்ப்போம். விதி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்" என்றது. சிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே கையெழுத்துப் போட்டது.

முதலில் மணிக்கு ஒரு பார்வை. நேர அட்டவணையை மரத்தில் ஒட்டினார்கள். முதலைக்கும் படிக்கத் தெரியும். பார்க்கும் நேரத்தில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மான்களும் அந்த நேரம் பார்த்தே வந்து குடித்தன. யாரும் சாகவில்லை, பதிவேட்டில் மாற்றமும் இல்லை. அதனால் நாளுக்கு ஒரு பார்வையானது. அதிலும் மாற்றமில்லை. கடைசியில் வாரத்துக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை உச்சியில்.

வாரம் முழுக்க எந்த மான் தாகம் பொறுக்கும்? திங்கட்கிழமை இரண்டு போயின, புதன்கிழமை மூன்று. சனிக்கிழமை காலையில், மான் கூட்டத்திலேயே மூத்தவளான பொன்னுத்தாயி நரியிடம் ஓடியது.

"அஞ்சு பேரைத் தின்னுட்டான் சாமி."

நரி பதிவேட்டைப் புரட்டியது. "போன வெள்ளி அமைதி. நேத்தும் அமைதி. ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்டா அமைதிதான் வருது. நீயே பாரு."

"செங்கமலம் கண்ணால பார்த்திருக்கு."

"முறை இல்லாத நேரத்துல பார்த்தது சேராது. ஒண்ணு செய்யி. வெள்ளிக்கிழமை உச்சியில உங்கள்ல ஒருத்தர் பிடிபடுங்க. அன்னைக்கே நிமிஷத்துக்கு ஒண்ணாக்கிடறேன்."

பொன்னுத்தாயி ராத்திரியெல்லாம் அழுதது. கூட்டத்துக்காகத் தானே போவதென்று முடிவு செய்தது. மறுநாள் குளத்துக்குப் போய், "வர்ற வெள்ளிக்கிழமை உச்சியில என்னைப் பிடிச்சுக்கோங்க" என்று முதலையைக் கும்பிட்டுக் கேட்டது.

முதலை யோசித்தது. "அது எப்படிம்மா? பதிவேட்டுல என் பேர்ல ஒரு கரும்புள்ளி கிடையாது. அதை ஏன் கெடுத்துக்கணும்? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே?"

கரையில் நின்ற செங்கமலம் வாயைத் திறந்தது. மரத்து அட்டவணையைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை உச்சியில் "குளம் அமைதி" என்ற செய்தி சரியாக வந்து சேர்ந்தது. இனி மாதத்துக்கு ஒரு பார்வை போதும் என்று நரி எழுதியது. முதலைக்கு நன்னடத்தைச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

நீதி: காவல் குறையாமல் இருக்கவேண்டுமானால், பார்க்கிற நேரம் பார்த்துச் சாகவும். மற்ற நேரத்தில் செத்தவர்கள் உயிரோடிருப்பதாகவே கருதப்படுவார்கள்.