ஏழாம் எண் மாணவர்

தொலைநிலைக் கல்வியில் தூரம் என்பதே கிடையாது என்று பேராசிரியர் ஏறின மேடையிலெல்லாம் முழங்குவார். தூரம் இல்லாமல் போனதோ என்னவோ, அவருடைய இணையவழிப் பாடத்தில் மாணவர்கள் இல்லாமல் போனார்கள். அனிமேஷன், பின்னணி இசை எல்லாம் சேர்த்து முப்பது வீடியோ போட்டார். நாற்பது பேர் சேர்ந்தார்கள். முப்பத்தொன்பது பேர் நழுவினார்கள்.

மிஞ்சியது ஏழாம் எண். பெயர் தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். அதனால் திரையில் எண் மட்டும்தான். பேராசிரியரே போட்ட விதி.

இன்று பதினொரு மணிக்கு ஏழாம் எண்ணுக்கு வாய்மொழித் தேர்வு. பன்னிரண்டுக்குள் அது முடியாவிட்டால் பாடத்தையே இழுத்து மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

"வணக்கம், கேமராவைப் போடுங்க" என்றார் பேராசிரியர்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

எழுந்து வீட்டின் பின்னறைக்குப் போனார். அங்கே மாமனார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், செல்போனோடு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல மாப்ளே."

"அப்ப போனை அணைங்க. நெட் முழுக்க நீங்களே உறிஞ்சறீங்க."

"அரை மணி நேரம் வேலை இருக்கே..."

"வீடியோ பார்க்கறது ஒரு வேலையா?"

மாமனார் அணைத்தார். பேராசிரியர் திரும்பி வந்தால், ஏழாம் எண்ணையே காணோம்.

பத்து நிமிஷம் கழித்து அது மறுபடி எட்டிப் பார்த்தது. இனி யாரும் குறுக்கே வரக்கூடாது என்று பேராசிரியர் வைஃபை பாஸ்வேர்டையே மாற்றி, தன் லேப்டாப்பை மட்டும் சேர்த்துக்கொண்டார். ஏழாம் எண் மறுபடி மாயம்.

கதவருகில் மாமனார் நின்றார். "மாப்ளே, அந்தப் புது பாஸ்வேர்டு..."

"மாமா, அங்க ஒரு ஜீவன் விழுந்து விழுந்து படிச்சிட்டுக் காத்திருக்கு. அது கேக்கற கேள்வியைப் பார்த்தா நானே அசந்துடுவேன். உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"அவ்வளவு நல்லாவா படிக்குது?" மாமனாரின் முகம் மலர்ந்தது.

"தங்கம்."

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"எதுவா இருந்தாலும் பன்னிரண்டுக்கு மேல. பூங்கா வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க."

செருப்பை எடுத்துப் போட்டு, அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே காவல் நின்றார்.

பதினொன்று ஐம்பது. ஏழாம் எண் வரவே இல்லை. பேராசிரியர் அலுவலகத்துக்கு போன் போட்டார். எடுத்தது குமாஸ்தா அம்மா.

"ஏழாம் எண்ணோட விலாசத்தை எடும்மா. நானே நேர்ல போய்த் தேர்வு வெச்சுடறேன். மாணவர் வாசலுக்கு ஆசிரியர் போகணும், அதுதாம்மா தொலைநிலைக் கல்வி."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

"பேனா எடுத்துட்டேன், சொல்லும்மா."

"பேனா வேண்டாம் சார். உங்க வீட்டு விலாசம்தான் போட்டிருக்கு. வயசு அறுபத்தெட்டு."